மறதியா, அல்சைமரா? வீட்டுப் பெரியவர்களிடம் ஆரம்ப அறிகுறிகளைக் கவனிப்பது எப்படி

என் பெரியப்பா வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியே பிழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுச் செலவை ஒரு நீள நோட்டில் தினமும் எழுதுவார். அவருக்கு அல்சைமர் என்று உறுதியான பிறகு ஒருநாள் அந்த நோட்டுகளை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். கையெழுத்து கடைசிவரை முத்து முத்தாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரைப் பார்ப்பதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பே மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போடுவது நின்றுபோயிருந்தது. அதற்குச் சில மாதம் கழித்து, ஒரே மின் கட்டணம் ஒரே வாரத்தில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டு முறையும் கட்டியிருந்தார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சின்ன வயதுக் கதைகளை ஒரு பெயர்கூட விடாமல் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஞாபக சக்தியில் என்ன குறை என்று இருந்துவிட்டோம்.

அல்சைமர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பேச்சில் பிடிபடாதது செய்கிற காரியத்தில் பிடிபடும். கீழே உள்ள படிகளை அந்த நோட்டு கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நோய் இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் முடிவு செய்ய முடியாது, அது டாக்டரின் வேலை. எப்போது அவரிடம் போவது, கையில் எதை எடுத்துக்கொண்டு போவது என்பது நம் வேலை.

முதலில் கொஞ்சம் பின்னணி

டிமென்ஷியா என்பது ஒரு பொதுப் பெயர். ஞாபகம், யோசனை, பேச்சு எல்லாம் தேய்ந்து, அன்றாட வேலையைத் தானே செய்துகொள்ள முடியாத நிலையை அப்படிச் சொல்கிறோம். அதற்குக் காரணமான நோய்கள் பல. அவற்றில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர்தான். 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், தன் நோயாளி ஒருவரின் மூளையை அவர் இறந்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்து இரண்டு விஷயங்களைப் பதிவு செய்தார்: நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முடிச்சுகள். படிவு அமிலாய்டு என்ற புரதம், முடிச்சு டௌ என்ற புரதம் என்று பின்னால் தெரியவந்தது. அந்த நோயாளி 1901இல் மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு 51 வயதுதான். ஆனால் பொதுவாக இது 65ஐத் தாண்டியவர்களுக்கு வருவது. அதன் பிறகு ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆபத்து இரட்டிப்பாகிறது.

இந்தப் புரதங்கள் சேர ஆரம்பிப்பது அறிகுறி தெரிவதற்குப் பத்து, இருபது வருடம் முன்பே. சீக்கிரம் அடி வாங்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ், அதாவது புது ஞாபகத்தைப் பதிவு செய்கிற பகுதி. ஏற்கெனவே பதிந்தவை வேறு இடங்களில் பரவிக் கிடப்பதால் அவை ரொம்ப நாள் தாங்கும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் அப்படியே இருக்கிறது, நேற்று வந்த விருந்தாளி மட்டும் காணாமல் போகிறார். எங்களை ஏமாற்றியது இதுதான்.

படி 1: அவரை அவரோடேயே ஒப்பிடுங்கள்

பக்கத்து வீட்டுத் தாத்தா எண்பது வயதில் சதுரங்கம் ஆடுகிறார் என்பது உங்களுக்கு உதவாது. மூன்று, ஐந்து வருடத்துக்கு முன்பு உங்கள் அப்பா எப்படி இருந்தார் என்பதுதான் அளவுகோல். ஆயுள் முழுக்க சாவியைத் தொலைத்தவர் இப்போதும் தொலைத்தால் அதில் செய்தி இல்லை. எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்ப்பவர் வாசல் கதவைப் பூட்டாமல் வெளியே போக ஆரம்பித்தால், அது செய்தி.

முன்பு எதில் கெட்டிக்காரராக இருந்தார் என்று ஐந்தாறு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு, சமையல், தையல், ஆட்களைச் சமாளிப்பது, வழி கண்டுபிடிப்பது, எதுவானாலும் சரி. சரிவு இருந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். அதேபோல் படித்தவர்கள், பேச்சுத் திறமை உள்ளவர்கள் ஆரம்பக் கட்டத்தை நன்றாகவே சமாளித்துவிடுவார்கள். அவர்கள் விஷயத்தில் சின்ன மாற்றத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: எந்த மாதிரி மறதி என்று பாருங்கள்

வயதானால் பெயர் சட்டென்று வராது. மாடிக்கு எதற்கு ஏறினோம் என்று நிற்போம். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தேடுவோம். இதெல்லாம் பெரும்பாலும் எடுப்பதில் உள்ள தாமதம். விஷயம் உள்ளே இருக்கிறது, கைக்கு அகப்படவில்லை. ஒரு துப்பு கொடுத்தால் வந்துவிடும்.

"நேத்து யார் வந்தாங்க?"

"யாரோ வந்தாங்களே..."

"கண்ணாடி போட்டவர், குடையை விட்டுட்டுப் போனாரே."

"ஆமாம்! அந்தக் குடையை எடுத்து வெச்சேனே!"

இந்த மறதிக்குப் பயப்பட வேண்டாம். அதே பேச்சு இப்படி முடிந்தால் கவனியுங்கள்: "அப்படியா? நேத்து யாராவது வந்தாங்களா?" துப்பு கொடுத்தும், பெயரையே சொல்லியும், குடையைக் கையில் கொடுத்தும் அந்தச் சம்பவத்தின் தடம்கூட இல்லை. இங்கே எடுப்பதில் கோளாறு இல்லை, பதிவே ஆகவில்லை. மனச்சோர்வில் வரும் மறதியும் பெரும்பாலும் துப்பு கொடுத்தால் திரும்பும் என்பதால், இந்த ஒரு வித்தியாசத்துக்கு டாக்டர்களும் மதிப்பு கொடுப்பார்கள்.

இன்னொரு அடையாளம், ஒரே கேள்வி. பத்து நிமிடத்துக்குள் அதே வார்த்தைகளில், அதே குரலில், முன்பு கேட்ட நினைவே இல்லாமல் வரும். "முன்னாடியே கேட்டேனோ?" என்று சந்தேகப்படுகிறவர் வேறு, புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறவர் வேறு.

ஒரு எச்சரிக்கை. இதைத் தெரிந்துகொண்டதும் பெரியவரை உட்கார வைத்து வினாடி வினா நடத்தாதீர்கள். அவமானமாகிவிடும், அப்புறம் உங்கள் முன்னால் வாயே திறக்க மாட்டார். பேச்சோடு பேச்சாகத் தெரிவதே போதும்.

படி 3: செய்கிற வேலையைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். பல கட்டங்களை வரிசையாக மனதில் வைத்துச் செய்கிற வேலைகள் முதலில் ஆட்டம் காணும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாம் ரொம்ப நாள் நன்றாகவே நடக்கும். அதைப் பார்த்துவிட்டு "எல்லாம் அவரே செஞ்சுக்கிறாரே" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

பணம்தான் பல வீடுகளில் முதல் சாட்சி. கட்ட மறந்த பில், இரண்டு முறை கட்டிய பில், பிரிக்காமல் குவிந்த கடிதங்கள், மீதிச் சில்லறையை எண்ணத் தயங்கிப் பெரிய நோட்டாகவே நீட்டுவது, முன்பின் தெரியாதவர் போனில் கேட்டதும் வங்கி விவரத்தைச் சொல்லிவிடுவது. கடைசியாகச் சொன்னது மறதி இல்லை, நிதானிக்கும் திறன் குறைவது. அதுவும் ஆரம்ப அறிகுறிதான்.

அடுத்தது மாத்திரை. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். அட்டையை எண்ணிப் பாருங்கள். மாதக் கடைசியில் பத்து மாத்திரை மிஞ்சினாலும் சரி, ஒரு வாரம் முன்பே தீர்ந்துபோனாலும் சரி, அது வாய்ச் சொல்லைவிட நம்பகமான சாட்சி.

சமையலறையில் கருகிய பாத்திரத்தைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். பல வருடமாகக் கை தானாகச் செய்த சமையலில் ஒரு கட்டம் விட்டுப்போவது, எப்போதும் நாலு வகை செய்தவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது, ஒரே பொருள் நாலு பொட்டலம் வாங்கி வைத்திருப்பது, இவற்றையும் பாருங்கள். அவரே பிடித்துச் செய்த வேலையை "இனிமே என்னால ஆகாது" என்று திடீரென விட்டுவிட்டால், களைப்பு என்று எண்ணிவிடாமல் எங்கே தடுமாறுகிறார் என்று கூடவே நின்று பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர் என்றால் வண்டியில் புதுக் கீறல்கள் இருக்கிறதா, தெரிந்த வழியில் போய்த் தாமதமாக வருகிறாரா என்று கவனியுங்கள்.

பழகிய கருவி ஒரு நல்ல உரைகல். புது போனில் திணறுவது எல்லாப் பெரியவர்களுக்கும் உண்டு. பத்து வருடம் பயன்படுத்திய ரிமோட்டில் திணறினால்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களிடம் கேட்பதற்கென்றே ஏடி8 என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று டாக்டர்களிடம் உண்டு. முடிவெடுப்பதில் தடுமாற்றம், பிடித்த காரியங்களில் ஆர்வம் குறைவது, திரும்பத் திரும்பச் சொல்வது, கருவிகளைக் கற்பதில் சிரமம், மாதமோ வருடமோ மறப்பது, பணக் கணக்கில் சிக்கல், சொன்ன நாள் நேரத்தை மறப்பது, தினசரி யோசனையிலும் ஞாபகத்திலும் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் கேள்வி ஒன்றே: கடந்த சில வருடங்களில் இது மாறியிருக்கிறதா? இரண்டு அல்லது அதற்கு மேல் "ஆமாம்" வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

படி 4: பேச்சு, வழி, பார்வை

பொருளின் பெயருக்குப் பதிலாக "அதுதான்... கையில கட்டுவோமே" என்று கடிகாரத்தைச் சொல்வது அவ்வப்போது நடந்தால் பரவாயில்லை. பேச்சு முழுக்க "அது, இது, அந்த ஆளு" என்று மாறி, நாலு பேர் பேசும் இடத்தில் வாய் மூடிக்கொண்டால் கவனியுங்கள். தேதி ஒன்றிரண்டு நாள் தவறுவது ஓய்வு பெற்ற எல்லோருக்கும் வரும். வருடம் தவறுவது அப்படியில்லை. பழகிய தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றுவிடுவதும் அப்படித்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிலருக்கு இந்த நோய் ஞாபகத்தில் ஆரம்பிக்காமல் பார்வையில் ஆரம்பிக்கும். கண்ணில் கோளாறு இருக்காது, கண் கொண்டுவருவதை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாது. படியின் விளிம்பு தெரியாமல் தடுமாறுவார்கள், எதிரே மேஜையில் கிடக்கும் பேனாவைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், வாசிக்கும்போது வரி தவறும். கண்ணாடியை மூன்று முறை மாற்றியும் சரியாகவில்லை, கண் டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார் என்றால், மூளையைப் பற்றியும் கேளுங்கள்.

படி 5: குணம் மாறுகிறதா?

சோம்பேறித்தனம் போலத் தெரிகிற அக்கறையின்மை ரொம்ப சகஜம். பேப்பர் படிக்காமல் இருக்க மாட்டார், இப்போது மடித்தது மடித்தபடி கிடக்கும். நாமே ஒன்றை ஆரம்பித்து வைத்தால் கூட வருவார், தானாக எழமாட்டார்.

சந்தேகமும் வரும். பர்ஸை எங்கோ வைத்துவிட்டு, வைத்த ஞாபகமே இல்லாதபோது, "யாரோ எடுத்துட்டாங்க" என்பது அவருக்கு நியாயமான முடிவு. பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மேல்தான் பழி விழும். அதில் மனம் உடைந்துபோன மருமகள்களும் மகள்களும் நிறைய பேர். அது வெறுப்பில் வருகிற பேச்சு இல்லை.

ஐம்பதுகளில் உள்ளவருக்கு ஞாபகம் நன்றாக இருந்து, கூச்சநாச்சம் இல்லாத நடத்தை முதலில் வந்தாலோ, இல்லாத ஆட்களும் பிராணிகளும் கண்ணுக்குத் தெரிவதாகச் சொன்னாலோ, அது வேறு வகை டிமென்ஷியாவாக இருக்கலாம். டாக்டரிடம் இதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், கொடுக்கும் மருந்து மாறும்.

படி 6: யார் தாங்கிப் பிடிக்கிறார்கள்?

பெரியப்பா வாக்கியத்தைப் பாதியில் விடுவார், பெரியம்மா முடித்து வைப்பார். யார் பெயரையாவது தேடினால் பெரியம்மா எடுத்துக் கொடுப்பார். இது எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. பெரியம்மா ஒரு வாரம் வெளியூர் போனபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

கூடவே இருப்பவர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை ஏற்றுக்கொள்வதால் அவருக்கு மாற்றம் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிற மகனுக்கும் மகளுக்கும் பளிச்சென்று தெரியும். வந்த இரண்டு நாளில் குறை சொல்லுகிறார்கள் என்று சண்டை வரும் இடமும் இதுதான். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் இடத்திலிருந்து உண்மை. துணையைத் தனியாக உட்கார வைத்து, "முன்னாடி அவர் செஞ்சு, இப்ப நீங்க செய்யற வேலை என்னென்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "அவருக்கு மறதி இருக்கா?" என்று கேட்டால் வராத பதில் இதில் வரும்.

கேள்வி கேட்டதும் பெரியவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் பாருங்கள். பதிலுக்காக மனைவியையோ மகளையோ திரும்பிப் பார்ப்பதை மருத்துவர்களே ஒரு அறிகுறியாகக் கவனிக்கிறார்கள். "எனக்கு ஞாபகமே இருக்கறதில்லை" என்று தானே வந்து புலம்புபவரைவிட, "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சாதித்து, வீட்டார் மட்டும் கவலைப்படுகிற ஆளுக்குத்தான் பல சமயம் நோய் இருக்கிறது. தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் நோயின் ஒரு பகுதி.

படி 7: திடீரென்று வந்தால் காத்திருக்காதீர்கள்

அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகர்வது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசினால், தூங்கித் தூங்கி விழுந்தால், ஒரு மணி நேரம் தெளிவும் அடுத்த மணி நேரம் குழப்பமுமாக இருந்தால், அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடம்பில் உள்ள வேறு கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, புது மருந்து என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது பக்கவாதம். இரண்டுக்கும் உடனே மருத்துவமனை. சில வாரங்களுக்கு முன்பு தலையில் அடிபட்டிருந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகச் சேர்ந்திருக்கவும் கூடும், அதையும் தாமதிக்கக் கூடாது.

படி 8: சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுங்கள்

பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மது, இவை எல்லாம் மறதியைக் கொண்டுவரும். காது மந்தமானவர் சொன்னதைக் கேட்கவே இல்லை, நாம் மறந்துவிட்டார் என்கிறோம். காலைத் தேய்த்து நடப்பதும் சிறுநீர் அடங்காமையும் மறதியோடு சேர்ந்து வந்தால், மூளைக்குள் நீர் சேர்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு.

மருந்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதற்கான சில மாத்திரைகள் பெரியவர்களின் மூளையை மந்தமாக்கும். நாலு டாக்டர் எழுதிய பத்து மாத்திரையை யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

படி 9: நாலு வாரம் நோட்டு போடுங்கள்

"ரொம்ப மறக்கிறார் டாக்டர்" என்பது அவருக்கு எதையும் சொல்லாது. தேதி, நேரம், என்ன நடந்தது, முன்பு எப்படிச் செய்வார், துப்பு கொடுத்தபோது என்ன ஆனது, அன்று தூக்கமோ காய்ச்சலோ எப்படி இருந்தது என்று ஒரு சம்பவத்துக்கு இரண்டு வரி போதும். உதாரணமாக: "செவ்வாய் காலை 10. வங்கிக்குப் போனதை 11 மணிக்குக் கேட்டேன், போகவே இல்லை என்றார். சீட்டைக் காட்டியும் நம்பவில்லை." நன்றாக இருந்த நாட்களையும் எழுதுங்கள். பழைய நோட்டு, பில், கடிதம் இருந்தால் ஆரம்பம் எப்போது என்று தேட அவையும் உதவும்.

படி 10: பேச்செடுத்து, டாக்டரிடம் போவது

"உங்களுக்கு ஞாபகம் போயிடுச்சு, டாக்டரைப் பார்க்கணும்" என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கப் போவதோடு சேர்த்துக்கொள்ளலாம். "தூக்கம் சரியில்லைன்னு சொல்றீங்களே, கேட்டுட்டு வந்துடலாம்" என்பது பொய்யும் இல்லை, காயமும் படுத்தாது. எப்போதும் பார்க்கும் குடும்ப டாக்டரிடம் ஆரம்பித்து, அங்கிருந்து நரம்பியல், மனநலம், முதியோர் நலம் ஆகியவற்றில் ஒரு நிபுணரிடம் போகலாம். நோட்டில் எழுதியதைப் பெரியவர் முன்னால் வாசிக்காமல் டாக்டரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

அங்கே ஒரு சின்னப் பரிசோதனை நடக்கும். மூன்று வார்த்தை சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்த வார்த்தைகளைத் திரும்பக் கேட்பது ஒன்று. கடிகாரத்தில் 11 மணி 10 நிமிடம் வைக்கச் சொல்வார்கள். வேண்டுமென்றேதான். "பத்து" என்று கேட்டதும் பெரிய முள்ளை 2க்கு வைக்காமல் 10க்கே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. எண்களை எல்லாம் வட்டத்தின் ஒரு பாதியிலேயே அடைத்துவிடுகிறவர்களும் உண்டு. 30 மதிப்பெண்ணுக்கான நீளமான பரிசோதனைகளும் இருக்கின்றன. அவருக்குப் பழகிய மொழியில், கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மதிப்பெண் நன்றாக வந்து உங்கள் நோட்டு வேறு கதை சொன்னால், விடாமல் கேளுங்கள்.

பிறகு ரத்தப் பரிசோதனைகள், எம்ஆர்ஐ ஸ்கேன். தேவைப்பட்டால் தண்டுவட நீர் அல்லது பெட் (PET) ஸ்கேன் மூலம் அமிலாய்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். 2025 மே மாதம் அமெரிக்காவில் இதற்கான ஒரு ரத்தப் பரிசோதனைக்கு முதன்முறையாக அனுமதி கிடைத்தது. அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, நிபுணரின் மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பதற்கானது அது. நன்றாக இருப்பவர்கள் ஆசைக்காக எடுத்துப் பார்ப்பதற்கு இல்லை.

படி 11: முடிவு வந்த பிறகு

"லேசான அறிவாற்றல் குறைவு" என்று வரலாம். அன்றாட வேலைகள் நடக்கின்றன, ஆனால் பரிசோதனையில் குறை தெரிகிறது என்று அர்த்தம். சிலருக்கு அது டிமென்ஷியாவாக மாறும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குச் சரியாகவும் ஆகும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று திரும்பப் பார்க்கச் சொல்வார்கள்.

அல்சைமர் என்றே வந்தால், டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், மெமன்டைன் போன்ற மருந்துகள் அறிகுறியைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. லெகனெமாப், டோனனெமாப் என்ற புதிய மருந்துகள் அமிலாய்டை அகற்றி, சரிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. மூளையில் வீக்கமோ சிறு ரத்தக் கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். எல்லா நாட்டிலும் கிடைக்காது. முக்கியமாக, ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே இவை.

கையெழுத்துப் போட்டு முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே உயில், வங்கி, சிகிச்சை பற்றிய விருப்பம் எல்லாவற்றையும் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டரே சொல்லட்டும், நீங்கள் சொன்னால் சண்டைதான். அடுப்புக்குத் தானாக அணையும் வசதி, மாத்திரைக்கு நாள்வாரி டப்பா, பில்கள் தானாகக் கட்டப்பட ஏற்பாடு.

ஆனால் எல்லா வேலையையும் ஒரே நாளில் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள். எந்தக் கட்டம் முடியவில்லையோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா இப்போதும் காலையில் அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்து எழுதுகிறார். தேதியைப் பெரியம்மா முன்பே போட்டு வைத்துவிடுவார். மாதக் கடைசிக் கூட்டுத்தொகையை என் அண்ணன் பென்சிலில் போடுகிறான்.